பூத்பியின் சிகரெட் பாக்கெட்: 1945 அமெரிக்கக் கடன் விவாதம்

வாசகர் கேள்வி, 2023 ஜூன் 4
1945 டிசம்பரில் அமெரிக்கக் கடன் பற்றி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தபோது, “சாம்ராஜ்யத்தை ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கு விற்கச் சொல்லி மக்கள் இந்த அரசுக்கு ஆணை தரவில்லை” என்று பேசினார் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் உறுப்பினர் ராபர்ட் பூத்பி. ஒன்றரை வருஷத்தில் அவர் பயந்தது அப்படியே நடந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தது பூத்பி ஒருவர்தான், கெயின்ஸ் ஏமாந்தார் என்கிறேன். மறுக்க முடியுமா?

2023 ஜூன் 4, இரவு 10.20
முடியும். ஆனால் பாதிதான். மீதிப் பாதியை நான் ஒத்துக்கொள்வதற்கு ஒரு சொந்தக் காரணம் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம். 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்த கையோடு, போர்க்காலத்தில் சரக்கு அனுப்பிவந்த லெண்ட்-லீஸ் ஏற்பாட்டை அமெரிக்க அதிபர் ட்ரூமன் நிறுத்திவிட்டார். பிரிட்டனின் ஏற்றுமதியோ போருக்கு முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்கிக் கிடந்தது. கோதுமை, பருத்தி, எண்ணெய், புகையிலை எல்லாவற்றுக்கும் டாலர் வேண்டும். கையில் டாலர் இல்லை. செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசின் சார்பில் பேசப் பொருளாதார நிபுணர் கெயின்ஸ் வாஷிங்டன் போனார். இனாமாகவே தருவார்கள், இல்லாவிட்டால் வட்டியில்லாக் கடனாவது கிடைக்கும் என்ற நினைப்போடு போனார். மூன்று மாதம் மல்லுக்கட்டி டிசம்பர் 6-ம் தேதி கையெழுத்தானது: 375 கோடி டாலர், 2 சதவீத வட்டி, 1951 கடைசியிலிருந்து 50 வருடாந்தரத் தவணை. லெண்ட்-லீஸ் பழைய கணக்கைத் தீர்க்க இன்னொரு 65 கோடி டாலர்.

தொகையைப் பற்றி யாருக்கும் பெரிய சண்டை இல்லை. சண்டையெல்லாம் அதோடு வந்த நிபந்தனை பற்றித்தான். கடன் அமலுக்கு வந்து ஒரு வருஷத்துக்குள், வியாபாரத்தில் பவுண்ட் சம்பாதிக்கும் எவரும் அதைக் கொடுத்து டாலர் கேட்டால் லண்டன் மாற்றித் தந்தாக வேண்டும்.

டிசம்பர் 12, 13 என்று இரண்டே நாள் விவாதம். சர்வதேச நாணய நிதியத்தை (ஐ.எம்.எஃப்.) அமைக்கும் பிரெட்டன் வுட்ஸ் ஒப்பந்தமும் அதே மூட்டையில் வந்தது. அதை ஏற்க டிசம்பர் 31 கடைசி நாள் என்பதால் அவசரம். முதல் நாளே பூத்பி எழுந்தார். தோற்காத நாட்டின் மீது இப்படிப்பட்ட நிபந்தனைகளை யாரும் சுமத்தியதில்லை என்றார். இது நமது பொருளாதார மியூனிக் என்றார். அந்தச் சொல்லை அவர் சும்மா எடுக்கவில்லை, 1938-ல் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்பாட்டை ஏற்காத கன்சர்வேட்டிவ்களில் அவரும் ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாராள வணிகத்துக்கு உலகத்தைத் திருப்புவதும், அமெரிக்கச் சரக்குக்காக உலகச் சந்தைகளை நெம்பித் திறப்பதும்தான் இந்த ஒப்பந்தத்தின் இரண்டு நோக்கங்கள் என்பது அவர் வாதம். சிகரெட் பாக்கெட் வாசகம் கடைசியில்தான் வருகிறது. எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அது மட்டும்.

தங்கத்தைக் கண்டு அவருக்கு ஒரு பழைய பயம் உண்டு. 1925-ல் அப்போதைய நிதியமைச்சர் சர்ச்சில் பவுண்டைத் தங்கத்தோடு கட்டியபோது பக்கத்தில் இருந்தவர்.

2023 ஜூன் 5, காலை 6.50
நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் ஒரு தப்பு. சர்ச்சில் தங்க மதிப்புக்குத் திரும்பியது 1925 ஏப்ரலில். பூத்பி அவருக்கு நாடாளுமன்றச் செயலராகச் சேர்ந்தது 1926-ல். எனவே முடிவு எடுத்தபோது அவர் பக்கத்தில் இல்லை. அடுத்த மூன்று வருஷம் அதன் விளைவைப் பார்க்கத்தான் இருந்தார். கூடவே அவர் கிழக்கு அபர்டீன்ஷயர் தொகுதி உறுப்பினர். பீட்டர்ஹெட், ஃப்ரேசர்பரா என்று இரண்டு மீன்பிடித் துறைமுகங்கள். ஹெர்ரிங் மீன்தான் பிழைப்பு (நம் மத்திக்கு அது பங்காளி முறை). உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்து ஜெர்மனிக்கும் ரஷ்யாவுக்கும் அனுப்புவார்கள். பவுண்ட் ஒரு பவுண்டுக்கு 4.86 டாலர் என்று இறுக்கிக் கட்டப்பட்டதும் அந்தப் பீப்பாய் வெளிநாட்டுக்காரனுக்கு விலை ஏறிப்போனது. நாணய மாற்று விகிதம் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயமாக இருந்திருக்காது. வாக்காளரின் மீன் விற்கிறதா இல்லையா என்பதில் அது தெரிந்திருக்கும்.

2023 ஜூன் 5, இரவு 9.15
அந்தச் சொந்தக் காரணம்.

1998-ல் சோமனூர் பக்கம் நாலு விசைத்தறி போட்டேன். பாவு நூலும் ஊடையும் வியாபாரி கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்குக் கூலி. தறி வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் கடன். எவ்வளவு தருவார்கள், மாசம் எவ்வளவு கட்டணும், இந்த இரண்டை மட்டும் பார்த்தேன். கையெழுத்துப் போடும் இடத்திலெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று அந்தத் தம்பி அவசரப்படுத்தினார், நானும் போட்டுக்கொண்டே போனேன். ஒரு வருஷம் முடிந்த பிறகு கேட்கும்போது முழுப் பாக்கியையும் கட்ட வேண்டும் என்று உள்ளே ஒரு வரி இருந்திருக்கிறது. அடுத்த வருஷம் வியாபாரி நாலு மாசக் கூலியை நிறுத்தி வைத்த நேரம் பார்த்து அந்த வரி கடிதமாக வீட்டுக்கு வந்தது. இரண்டு தறியைக் காயலான் கடை எடைக்குப் போட்டேன்.

அதனால் 375 கோடி என்ற எண்ணை விட்டுவிட்டு “ஒரு வருஷம்” என்ற வார்த்தையில் கை வைத்த ஆளை எனக்குப் பிடிக்கும். இது நியாயமான ஆராய்ச்சிக் காரணம் இல்லை என்று தெரியும்.

2023 ஜூன் 7
சிகரெட்டை ஏன் இழுத்தார், வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சுட்டிருக்காது. பிரிட்டனில் புகைத்த புகையிலையில் ஐந்தில் நாலு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. ரொட்டிக்கும் எந்திரத்துக்கும் வேண்டிய டாலர் புகையாகப் போய்க்கொண்டிருந்தது.

இதன் இரண்டாம் பாகம் 1947 ஏப்ரலில் வருகிறது. கடன் வேகமாகக் கரைவதைப் பார்த்த நிதியமைச்சர் ஹியூ டால்டன் பட்ஜெட்டில் புகையிலை வரியை ஏற்றினார். இருபது சிகரெட் உள்ள பாக்கெட் 2 ஷில்லிங் 4 பென்ஸிலிருந்து ஒரே நாளில் 3 ஷில்லிங் 4 பென்ஸ். குறைவாகப் புகையுங்கள், அடிக்கட்டை வரை புகையுங்கள் என்று அறிவுரை வேறு. ஓய்வூதியம் வாங்கும் கிழவர்கள் அலறியதில், அவர்களுக்கு மட்டும் மலிவாகப் புகையிலை வாங்க டோக்கன் கொடுத்தார்கள். பூத்பி ஒரு கேலிக்காகச் சொன்ன பாக்கெட், பதினாறு மாதம் கழித்து அரசின் கணக்குப் புத்தகத்திலேயே தலைப்பாக வந்து உட்கார்ந்தது.

2023 ஜூன் 7, கொஞ்சம் கழித்து
என் தாத்தா இருந்திருந்தால் சொக்கலால் பீடிக்கு மாறச் சொல்லியிருப்பார்.

2023 ஜூன் 8
கேள்வி கேட்ட தம்பிக்கு: “பூத்பி ஒருவர்தான்” என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். விவாதப் பதிவை மறுபடி படித்தேன். எதிர்க்கட்சித் தலைவர் சர்ச்சிலும் அதே நிபந்தனையைத்தான் குறிவைக்கிறார். இவ்வளவு சீக்கிரம் பவுண்டை மாற்றித் தர ஒத்துக்கொள்வது ஆபத்து, நடைமுறையில் அது தானே தோற்றுப்போகும் என்பதுதான் ஒரே நம்பிக்கை, நிஜமாக இருக்க முடியாத அளவுக்கு மோசம் என்று பேசியிருக்கிறார். இவ்வளவும் சொல்லிவிட்டுத் தன் கட்சிக்காரர்களை வாக்களிக்காமல் ஒதுங்கி இருக்கச் சொன்னார். பூத்பி ஒதுங்கவில்லை, எதிர்த்து வாக்களித்தார். அவரோடு எழுபது கன்சர்வேட்டிவ்கள் வரை அதே பக்கம் போனார்கள். 345-க்கு 98 என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆபத்து தெரிந்தவர்கள் நிறையப் பேர். வித்தியாசம் கையைத் தூக்கியதில்தான். (கை தூக்குவது நம் ஊர் வழக்கம், அங்கே நடந்து போய் ஒரு அறைக்குள் நுழைய வேண்டும். இதைச் சொல்லிக் காட்டுவதற்கு முன் நானே திருத்திவிடுகிறேன்.)

2023 ஜூன் 11
இன்று ஞாயிறு, நேரம் இருக்கிறது. 1947-ல் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டு பேர் “பூத்பி சொன்னார், நடந்தது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

கடனுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் ஒப்புதல் தந்து ட்ரூமன் கையெழுத்திட்டது 1946 ஜூலை 15. அன்றிலிருந்து ஒரு வருஷம் என்றால் 1947 ஜூலை 15. அதற்குள் என்னென்ன நடந்தது பாருங்கள். அமெரிக்காவில் போர்க்கால விலைக் கட்டுப்பாடு போனதும் விலைவாசி ஏறியது, கடன் வாங்கிய டாலரால் நினைத்த அளவு சரக்கு வாங்க முடியவில்லை. தோற்ற ஜெர்மனியில் தன் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிக்குச் சோறு போட பிரிட்டன் அதே டாலரைச் செலவழித்தது. 1947 ஆரம்பத்தில் கொடும் பனி, நிலக்கரி இல்லை, மின்சாரம் இல்லை, தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஏற்றுமதி செய்து சம்பாதிக்க வேண்டிய வசந்தகாலம் இப்படிப் போனது.

ஜூலை 15 வந்தது. கதவைத் திறந்தார்கள். பவுண்ட் வைத்திருந்த நாடெல்லாம் டாலர் கேட்டு வரிசையில் நின்றது. ஆகஸ்டில் வாரத்துக்கு 20 கோடி டாலர் அளவுக்கு வெளியே போகும் நிலை. ஆகஸ்ட் 20-ம் தேதி கதவைச் சாத்திவிட்டார்கள். மொத்தம் 36 நாள். பல வருஷம் தாங்கும் என்று நினைத்த 375 கோடியில் அப்போது பாக்கி இருந்தது சுமார் 40 கோடி. நவம்பரில் பட்ஜெட் உரைக்குப் போகும் வழியில் ஒரு பத்திரிகையாளரிடம் பட்ஜெட் விவரத்தை டால்டன் உளறிவிட்டு, அதனால் பதவியை விட்டார். அது தனிக் கதை.

ஆக, பூத்பி எந்த வரியில் விரல் வைத்தாரோ அந்த வரிதான் உடைந்தது. இதை மறுக்க மாட்டேன். ஆனால் பனி, நிலக்கரி, ஜெர்மனி, அமெரிக்க விலைவாசி, இதெல்லாம் 1945 டிசம்பரில் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வரி இல்லாவிட்டாலும் டாலர் தீர்ந்திருக்கும், கொஞ்சம் மெதுவாக. என் தறிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று சில நாள் ராத்திரி தோன்றும். கடிதம் வராமலிருந்தாலும் நிறுத்தி வைத்த கூலி நின்றதுதானே.

2023 ஜூன் 12
“கடனே வாங்காமல் இருந்திருக்க வேண்டும், அதுதான் பூத்பியின் நிலை” என்று எழுதியவருக்கு.

அவர் மனதில் இருந்தது சும்மா பட்டினி கிடப்பது இல்லை. பவுண்ட் பகுதி நாடுகளையும் (பவுண்டிலேயே கணக்கு வைத்த நாடுகள்) மேற்கு ஐரோப்பாவையும் சேர்த்து ஒரு வணிக வட்டம், அதற்குள் டாலர் தேவைப்படாமல் கொடுக்கல் வாங்கல், வெளிச் சரக்குக்குப் பாகுபாடு காட்டும் உரிமை. பின்னால் 1949-ல் ஐரோப்பிய கவுன்சில் அமைந்தபோது அதன் ஆலோசனை அவைக்குப் போன முதல் பிரிட்டிஷ் உறுப்பினர்களில் அவரும் உண்டு. பேச்சோடு நிற்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் 1946-ல் அந்த வட்டத்தில் யாரிடம் கோதுமை உபரி இருந்தது? மேற்கு ஐரோப்பாவே அமெரிக்கக் கப்பலுக்குக் காத்திருந்தது. கடன் கைக்கு வரும் மாதத்திலேயே, ஆறு வருஷப் போரில் ஒருநாளும் பங்கீட்டுக்கு வராத ரொட்டி 1946 ஜூலையில் பங்கீட்டுக்கு வந்தது. கடன் இல்லாவிட்டால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். டாலர் மிச்சம் பிடிக்க தென்னாப்பிரிக்காவிலிருந்து ஸ்னோக் என்ற மீனை டின் டின்னாக இறக்கினார்கள். அது பவுண்ட் பகுதிச் சரக்கு, பூத்பி கேட்ட வட்டத்துக்குள் கிடைப்பது. ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள், கடைசியில் நிறையப் பூனைக்குப் போனது.

இந்த மாற்றுத் திட்டத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் நோயைச் சரியாகச் சொன்னார், மருந்துக் கடையில் சரக்கு இல்லை.

2023 ஜூன் 13
ஆளைப் பற்றிக் கேட்கிறார்கள். சுருக்கமாக: 1900-ல் எடின்பரோவில் பிறந்தவர், 24 வயதில் உறுப்பினர், 1958 வரை அதே தொகுதி. 1940-ல் உணவுத் துறையில் இளைய அமைச்சர். செக்கோஸ்லோவாக்கியச் சொத்துகள் பற்றி அவையில் வாதாடியபோது அதில் தனக்கு இருந்த பண நலனைச் சொல்லவில்லை என்று அவையின் விசாரணைக் குழு கண்டு சொல்ல, 1941-ல் பதவி போனது. சிறிய எழுத்தில் இருப்பதை மறைத்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்தவர். 1950-களில் மைக்கேல் ஃபுட், ஏ. ஜே. பி. டெய்லர் ஆகியோரோடு தொலைக்காட்சியில் வாரா வாரம் சண்டை போட்டுப் பிரபலமானார். பின்னால் பிரதமரான மேக்மில்லனின் மனைவியோடு அவருக்கு இருந்த உறவு வெஸ்ட்மின்ஸ்டர் முழுக்கத் தெரியும். 1958-ல் அவரைப் பிரபுக்கள் சபைக்கு அனுப்பியது அதே மேக்மில்லன் அரசுதான். இதற்கு மேல் இந்த இழையில் வேண்டாம், பொருளாதாரத்துக்கு வருவோம்.

2023 ஜூன் 15, இரவு
நாலைந்து நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. “சாம்ராஜ்யத்தை விற்பது” என்று அவர் சொல்கிறாரே, அந்த நேரத்தில் யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள்?

போரின்போது இந்தியாவில் பிரிட்டன் வாங்கிய துணி, சணல், உணவு, படைச் செலவு எல்லாவற்றுக்கும் இங்கே ரூபாயில் பணம் கொடுத்தாயிற்று. அந்த ரூபாய்க்கு ஈடாக லண்டனில் பவுண்ட் கணக்கில் வரவு எழுதினார்கள். ரிசர்வ் வங்கி அந்த வரவைக் காட்டி நோட்டு அடித்தது. போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல் போனது. அரிசி விலை எங்கே போனது என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள். வங்காளத்தில் 1943-ல் என்ன ஆனது என்பது உலகத்துக்கே தெரியும். இப்படிச் சேர்ந்த லண்டன் வரவு 1946-ல் சுமார் 130 கோடி பவுண்ட். ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை கணக்கில் 1,700 கோடி ரூபாயைத் தாண்டும்.

அதாவது சாம்ராஜ்யத்தின் பெரிய உறுப்பு, சாம்ராஜ்யத்தின் தலைக்குக் கடன் கொடுத்தவர். 1945 கடன் ஒப்பந்தத்திலேயே இந்தப் பவுண்ட் பாக்கிகளைப் பற்றி ஒரு பிரிவு இருக்கிறது: கொஞ்சத்தை உடனே விடுவிப்பது, கொஞ்சத்தை 1951-லிருந்து தவணையில் தருவது, மீதியைச் “சரிக்கட்டுவது”. சரிக்கட்டுவது என்றால் என்ன என்று கணக்கு எழுதியவர்களுக்குப் புரியும். தள்ளுபடி. கடன் கொடுத்தவர் அந்த மேஜையில் இல்லை.

அதற்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முன்னால், 1944 ஜூலையில் பிரெட்டன் வுட்ஸில் இதே பேச்சு வந்தது. இந்தியக் குழுவில் நம் கோயமுத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார், பம்பாய்க்காரர் ஏ. டி. ஷ்ராஃப் இருந்தார். வங்கியில் பத்து லட்சம் டாலர் இருந்தும் டாக்ஸிக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாதவன் நிலையில் எங்களை வைக்கிறீர்கள் என்றார் ஷ்ராஃப். கெயின்ஸ் அதற்கு, கண்ணியமாகவும் தாராளமாகவும் கொடுத்ததைக் கண்ணியமாகத் தீர்ப்போம், ஆனால் அது எங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்ற தொனியில் பதில் சொல்லி, புதிய நிதியத்தின் தலையில் அதைக் கட்ட விடவில்லை.

சிகரெட் பாக்கெட் வாசகத்தை இப்போது மறுபடி படித்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்பதற்கு ஆணை இல்லை என்கிறார், சரி. பொருள் யாருடையது என்ற கேள்வி அந்த அவையில் எந்தப் பக்கத்து இருக்கையிலிருந்தும் எழுவதாக அந்த வாசகத்தில் இடமே இல்லை.

2023 ஜூன் 16
மேலே எழுதியது கொஞ்சம் சூடாகிவிட்டது. பூத்பி மட்டும் குற்றவாளி என்று படும்படி இருக்கிறது. அப்படி இல்லை. போரில் இந்தியாவைக் காத்ததற்கு எதிர்க் கணக்குப் போட வேண்டும் என்று நினைத்தவர் சர்ச்சில். பாக்கியைக் குறைக்கப் பார்த்ததில் கெயின்ஸும் உண்டு. பூத்பி அந்தக் கூட்டத்தில் குறைந்த குற்றம் உள்ளவராகக்கூட இருக்கலாம்.

அப்புறம், பணம் கொடுத்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பற்றி: அப்பா ஓய்வு பெற்றபோது வந்த தொகையை ஜவுளிக்கடை வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்து வைத்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போய்க் கேட்பார். “மாமா, கணக்கில் பத்திரமாக இருக்குது, எங்கே போகப்போகுது” என்று காபி கொடுத்து, ஒரு வேட்டியும் கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் வீட்டில் ஒன்பது வேட்டி சேர்ந்தது.

2023 ஜூன் 18
தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பவுண்ட் மாற்றுக் கதவு திறந்திருந்தது 1947 ஜூலை 15 முதல் ஆகஸ்ட் 20 வரை. இந்தியப் பாக்கி பற்றிய இடைக்கால ஒப்பந்தம் கையெழுத்தானது அதன் நடுவில், ஆகஸ்ட் 14. சுதந்திரத்துக்கு முந்தைய நாள்! அப்போது 110 கோடி பவுண்டுக்கும் மேல் பாக்கி. அந்த வருஷக் கடைசி வரை எடுத்துக்கொள்ள விட்டது மூன்றரைக் கோடி, கைச்செலவு இருப்பாக இன்னும் மூன்று கோடி. மற்றதெல்லாம் இரண்டாம் எண் கணக்கில் பூட்டு.

மறுநாள் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனவர் சண்முகம் செட்டியார். பிரெட்டன் வுட்ஸில் எதைக் கேட்டாரோ அதைக் கேட்க 1948-ல் லண்டன் போனார். அந்த உடன்பாட்டில் பிரிட்டிஷ் படைகள் இங்கே விட்டுப்போன தளவாடங்களுக்கு 10 கோடி பவுண்ட், இங்கே வேலை பார்த்த பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காக மொத்தமாக 16 கோடி 80 லட்சம் பவுண்ட் நம் பாக்கியிலிருந்து கழிக்கப்பட்டது. பாக்கி தீர்ந்த விதம் இது. பூத்பியின் தொகுதியிலும் அந்த ஓய்வூதியம் வாங்கிய யாராவது ஒரு பழைய கலெக்டர் இருந்திருப்பார், அவருக்கும் புகையிலை டோக்கன் கிடைத்திருக்கும் என்று நினைத்தால்தான் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

2023 ஜூன் 20
ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார்: “செட்டியாரைத் தியாகி ஆக்காதீர்கள், அவரும் ஒட்டாவா போனவர்தான்.” ஐயா சொல்வது சரி. 1932-ல் ஒட்டாவா மாநாட்டில் சாம்ராஜ்ய நாடுகளுக்குள் சுங்கச் சலுகை என்ற ஏற்பாட்டை ஏற்றுக்கொண்ட இந்தியக் குழுவில் செட்டியார் இருந்தார். அதற்கு ஊரில் கெட்ட பேர் வாங்கி 1934 தேர்தலில் தோற்றார். 1945-ல் பூத்பி எதைக் காப்பாற்றக் கத்தினாரோ, அந்தச் சாம்ராஜ்யச் சலுகைதான் அது. ஆக, இவர்கள் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தால் சுங்கத்தில் ஒத்துப்போயிருப்பார்கள், பாக்கியில் சண்டை போட்டிருப்பார்கள். என் கதையில் நல்லவர் கெட்டவர் என்று இரண்டு பக்கம் பிரித்து வைத்திருந்தேன், அது நிற்காது.

2023 ஜூலை 2
வாக்கெடுப்பில் எதிர்த்த 98 பேரில் ஆளும் லேபர் கட்சிக்காரர்களும் உண்டு என்று முன்பு எழுதாமல் விட்டேன். மைக்கேல் ஃபுட், பார்பரா காஸில், அப்புறம் புதிதாக வந்த ஜேம்ஸ் காலஹன். இந்தக் காலஹன்தான் 1967-ல் நிதியமைச்சராகப் பவுண்டின் மதிப்பைக் குறைத்தவர், 1976-ல் பிரதமராக ஐ.எம்.எஃப். வாசலில் நின்றவர். முதல் வருஷத்தில் கடன் வேண்டாம் என்று நடந்து போன அறையை அவர் அப்போது நினைத்துக்கொண்டாரா தெரியாது.

பிரபுக்கள் சபையில் டிசம்பர் 18-ல் கெயின்ஸ் எழுந்து பேசியதும் 90-க்கு 8 என்று தீர்ந்தது. ஏறக்குறைய நூறு பேர் வாக்களிக்கவில்லை. நாலு மாதத்தில் அவர் இறந்துபோனார், 1947-ஐப் பார்க்கவில்லை.

கடன் முழுசாக எப்போது அடைந்தது என்றும் கேட்டிருந்தார்கள். 2006 டிசம்பர் 29-ல் கடைசித் தவணை, அமெரிக்காவுக்கு 8 கோடி 32 லட்சத்துச் சொச்சம் டாலர். அந்த நாளில் தனியாகக் கடன் தந்திருந்த கனடாவுக்கும் அன்றே பாக்கி தீர்த்தார்கள். 2001-ல் முடிந்திருக்க வேண்டியது, ஐந்து வருஷம் தள்ளிப்போனது.

2023 ஜூலை 3
ஐந்து இல்லை, ஆறு. கணக்கில் மக்கு நான். 1951-ல் முதல் தவணை என்றால் ஐம்பதாவது தவணை 2000-ல். ஒத்திவைக்க ஒப்பந்தத்திலேயே வழி இருந்தது: 1956, 1957, 1964, 1965, 1968, 1976, மொத்தம் ஆறு தடவை. 2000 கூட்டல் ஆறு, 2006.

இதையும் பூத்பி பக்கத்துக்காரர்கள் கவனிக்க வேண்டும். ஒரே ஒப்பந்தத்தில் கழுத்தைப் பிடித்த வரி ஒன்று இருந்தது, மூச்சுவிட இடம் கொடுத்த வரியும் ஒன்று இருந்தது. அவர் முதல் வரியைப் படித்துக் காட்டிய வேகத்தில் இரண்டாவது வரி யாருக்கும் ஞாபகம் இல்லை. என் கடன் பத்திரத்தில் அப்படி இரண்டாவது வரி இருந்ததா என்று பார்க்கப் பீரோவைக் கிளறினேன். பத்திரம் கிடைக்கவில்லை. ஒன்பது வேட்டியில் நாலு கிடைத்தது.

2023 ஜூலை 9
கல்லூரியில் பத்து நிமிஷம் பேச வேண்டும், “பூத்பி: தீர்க்கதரிசி” என்று தலைப்பு வைத்திருக்கிறேன் என்கிறார் தம்பி. தலைப்பு உங்கள் இஷ்டம். பேச்சில் 36 நாள் என்று சொன்னால் யாராவது ஜூலை 15-ஐயும் சேர்த்து 37 என்று திருத்துவார்கள், அதற்குத் தயாராகப் போங்கள். ஆகஸ்ட் 14-ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். சண்முகம் செட்டியார் பெயரைச் சொல்லும்போது உங்கள் கல்லூரிக்காரர்களில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று எண்ணி வந்து இங்கே எழுதுங்கள்.